கடைசியில் வந்த இரண்டு ஸ்டார்: பார்ட்டி கேமில் திறமைக்கு எவ்வளவு இடம்?

நாலாவது கன்ட்ரோலர்:

சனிக்கிழமை இரவு ஆரம்பித்த சண்டை இன்னும் தீரவில்லை. இந்த வகை ஆட்டங்களை நிறைய ஆடியவர்கள் யாராவது ஒரு வழி சொல்லுங்கள்.

நாங்கள் நாலு பேர். நான், என் தங்கை, அத்தை மகன், என்னோடு படித்த நண்பன். ஒன்றரை வருடமாக வாரா வாரம் உட்கார்ந்து ஆடுகிறோம். பெரும்பாலும் 2018இல் வந்த சூப்பர் மாரியோ பார்ட்டி என்ற வீடியோ கேம். இடையிடையே மாரியோ கார்ட் ரேஸ். ஆடாதவர்களுக்காக ஒரு வரி: போர்டில் பகடை உருட்டி நகர வேண்டும், ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு மினிகேம், அதாவது சின்னப் போட்டி, வரும், அதில் கிடைக்கும் காயினைச் சேர்த்துப் பத்து காயினுக்கு ஒரு ஸ்டார் வாங்க வேண்டும். அதிக ஸ்டார் வைத்திருப்பவர் ஜெயித்தார்.

போன வாரம் இருபது சுற்று ஆட்டம் போட்டோம். பாதிக்கு மேற்பட்ட மினிகேம்களில் நான்தான் முதலிடம். இருபதாவது சுற்று முடிந்தபோது என்னிடம் ஐந்து ஸ்டார், தங்கையிடம் நாலு. அப்புறம் போனஸ் ஸ்டார் அறிவிப்பு வந்தது. அதிகத் தூரம் நடந்தவருக்கு ஒன்று. தங்கைக்கு. துரதிர்ஷ்டக் கட்டங்களில் அதிகம் கால் வைத்தவருக்கு இன்னொன்று. அதுவும் தங்கைக்கு. ஆறுக்கு ஐந்து. முடிந்தது.

எனக்கு வந்த கோபத்தில், "நீ ஜெயிக்கவில்லை, உனக்குத் தூக்கிக் கொடுத்தார்கள்" என்று சொல்லிவிட்டேன். அவள் கன்ட்ரோலரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. மோசமான கட்டத்தில் விழுந்ததற்குப் பரிசு என்றால், ஒன்றரை வருடமாக நான் கற்றுக்கொண்டதற்கு என்ன மதிப்பு?

மறுநாள் ஒரு விதி சொன்னேன். போனஸ் அறிவிப்புக்கு முன்னால் இருக்கும் நிலவரத்தைப் பேப்பரில் எழுதிக்கொள்வோம், அதுதான் எங்கள் முடிவு என்று. தங்கை, அப்படியானால் நான் வரவில்லை என்கிறாள். அத்தை மகன் என் பக்கம், நண்பன் அவள் பக்கம். அதிர்ஷ்டத்தை எடுத்துவிடுவது நியாயமா? இந்த ஆட்டத்தில் திறமை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

பகடைக் கணக்கு:

மினிகேமில் பாதிக்கு மேல் ஜெயித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பகடையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த ஆட்டத்தில் திறமையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

2018 ஆட்டத்தில் உங்கள் முறை வரும்போது இரண்டு பகடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சாதாரணப் பகடையில் 1 முதல் 6 வரை. கதாபாத்திரத்தின் சொந்தப் பகடை வேறு மாதிரி. மாரியோவுடையதில் 1, 3, 3, 3, 5, 6. வாரியோவுடையதில் நாலு பக்கம் 6, மீதி இரண்டு பக்கத்திலும் மூன்று காயின் பறிபோகும், ஒரு கட்டம்கூட நகர முடியாது. டாங்கி காங்குடையதில் மூன்று பக்கம் பூஜ்ஜியம், இரண்டு பக்கம் 10, ஒரு பக்கம் ஐந்து காயின்.

இப்போது ஸ்டார் ஆறு கட்டம் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். சாதாரணப் பகடை உருட்டினால் ஆறில் ஒரு வாய்ப்பு. வாரியோ பகடையில் ஆறில் நாலு. கண்ணை மூடிக்கொண்டு வாரியோ பகடைதான் என்று தோன்றும். ஆனால் கையில் 12 காயின்தான் இருக்கிறதா? மூன்று போனால் ஒன்பது. அடுத்த மினிகேமில் ஏதாவது கிடைத்தால்தான் ஸ்டார் பக்கமே போக முடியும். மினிகேமில் தடுமாறுபவர் இந்தப் பகடையை யோசித்துத்தான் எடுக்க வேண்டும். உங்களைப் போல மினிகேமில் கை தேர்ந்தவர் தைரியமாக எடுக்கலாம். மூன்று கட்டம் தள்ளி இருந்தால் கதை வேறு. கடந்து போனாலே ஸ்டாரை வாங்கலாம் என்பதால் சாதாரணப் பகடையில் ஆறில் நாலு, மாரியோ பகடையில் ஆறில் ஐந்து.

எனக்கு இதில் ரொம்ப நாள் புரியாமல் இருந்தது ஒன்று உண்டு. அதிர்ஷ்டம் இரண்டு இடத்தில் வரும். நாம் முடிவெடுக்கும் முன்னால் வருவது ஒன்று: ஸ்டார் எங்கே இருக்கிறது, கடையில் என்ன கிடைக்கிறது, யார் முன்னால் நிற்கிறார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் நாம் யோசிக்கிறோம், அதனால் எவ்வளவு தாறுமாறாக வந்தாலும் அது திறமைக்கு வேலை கொடுக்கிறது. முடிவெடுத்த பின்னால் வருவது இன்னொன்று: உருட்டிய பகடை என்ன காட்டுகிறது என்பது. அங்கே நமக்கு ஒரு வேலையும் இல்லை. உங்கள் போனஸ் ஸ்டார் இரண்டாவது வகை, அதிலும் கடைசிக் கோடியில் நிற்பது. எல்லாம் முடிந்தபின் விதியைச் சொல்கிறார்கள். அதனால்தான் அது அவ்வளவு வலிக்கிறது.

1998இல் நின்டென்டோ 64 கருவிக்கு வந்த முதல் மாரியோ பார்ட்டியிலும் போனஸ் ஸ்டார் இருந்தது. ஆனால் அதில் மூன்றும் எவை என்று எல்லோருக்கும் முதலிலேயே தெரியும். மினிகேமில் அதிகம் சம்பாதித்தவருக்கு ஒன்று, ஒரு கட்டத்தில் அதிகக் காயின் கையில் வைத்திருந்தவருக்கு ஒன்று, கேள்விக்குறிக் கட்டங்களில் அதிகம் இறங்கியவருக்கு ஒன்று. தெரிந்த விதி என்றால் அதற்கும் சேர்த்துத் திட்டம் போடலாம். 2024இல் வந்த சூப்பர் மாரியோ பார்ட்டி ஜம்போரீயில் புரோ ரூல்ஸ் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். அதிலும் போனஸ் ஸ்டார் உண்டு. எதற்காகக் கொடுப்போம் என்பதை ஆட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுகிறார்கள். மினிகேமை வாக்கெடுத்து முடிவு செய்கிறார்கள். உங்கள் வீட்டுக்கு இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். போனஸை எடுக்காதீர்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதெதற்கு ஸ்டார் என்று பேசிவைத்து, பேப்பரில் நீங்களே கோடு போட்டு எண்ணலாம்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், மனசுக்கு ஆறுதலாக இருக்கும். நாலு பேரும் சமம் என்றால் ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு 25 சதவீதம். நீங்கள் மற்றவர்களைவிட நல்ல ஆட்டக்காரர், உங்கள் வாய்ப்பு 40 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். அது பெரிய வித்தியாசம். ஒரு இரவுக்கு மூன்று ஆட்டம் போட்டால், மூன்றிலும் தோற்கும் வாய்ப்பு 0.6ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது. 21.6 சதவீதம். அதாவது ஐந்து இரவில் ஒரு இரவுக்கும் மேல் நீங்கள் ஒன்றுகூட ஜெயிக்காமல் எழுந்து போவீர்கள். உங்கள் திறமையில் ஒரு குறையும் இல்லாமலே. ஒரே ஒரு சனிக்கிழமையை வைத்து எதையும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அதிகத் தூரம் நடந்ததற்காகத் தங்கைக்கு ஸ்டார் கிடைத்தது அல்லவா? அவர் எந்தப் பகடையை எடுத்தார் என்று கவனித்தீர்களா?

முதலிடத்தில் காயின்:

பகடைக் கணக்கு சொன்னதோடு மாரியோ கார்ட் பக்கத்தையும் சேர்க்கிறேன். நீங்களும் அதை ஆடுவதாகச் சொன்னதால்.

மூன்றாவது லேப், கடைசி வளைவு, முதலிடத்தில் நான். முதலிடத்தில் இருப்பவரைத் தேடி வந்து வெடிக்கும் ப்ளூ ஷெல் வந்து விழுந்தது, நாலு பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். இதே மாதிரி எத்தனை முறை தோற்றிருப்பேன்! ஒவ்வொரு முறையும் குருட்டு அதிர்ஷ்டம் என்று திட்டியிருக்கிறேன். பிறகு ஒரு நாள் என் ஆட்டத்தைப் பதிவு செய்து பார்த்தேன். அந்த ரேஸில் எனக்கு இரண்டாவது லேப்பில் சூப்பர் ஹார்ன் கிடைத்திருந்தது. ப்ளூ ஷெல்லை உடைக்கக்கூடிய பொருள் அது. அதைப் பின்னாலிருந்து துரத்தி வந்த ஒரு ரெட் ஷெல்லுக்குச் செலவழித்திருக்கிறேன். ஒரு வாழைப்பழத்தோலைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓட்டியிருந்தாலே ரெட் ஷெல் அதில் பட்டுப் போயிருக்கும்.

மாரியோ கார்ட் 8 டீலக்ஸில் கைக்கு என்ன ஐட்டம், அதாவது பொருள், வரும் என்பது முன்னால் ஓடுபவரிடமிருந்து எவ்வளவு தூரம் பின்தங்கியிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தூரம் கூடக்கூட நல்ல பொருள் வரும். முதலிடத்தில் பெரும்பாலும் காயின், பழத்தோல். அந்தக் காயினையும் லேசாக நினைக்கக் கூடாது, பத்து வரை சேரச் சேர வண்டியின் உச்ச வேகம் கூடும். ப்ளூ ஷெல் வரும் எச்சரிக்கை கேட்டதும், கையில் ஒன்றும் இல்லையென்றால், நான் இப்போது பிரேக் பிடித்து இரண்டாவதாக வருபவரோடு ஒட்டிக்கொள்கிறேன். வெடிப்பில் இருவரும் சேர்ந்து சிக்குவோம். இடைவெளி அப்படியே இருக்கும். சட்டென்று வேகம் கொடுக்கும் மஷ்ரூம் இருந்தால், ஷெல் விழும் கணத்தில் அதை அழுத்தித் தப்பிக்கவும் முடியும், அதற்கு நிறையப் பழக வேண்டும்.

ஷெல் வருவது என் கையில் இல்லை. வரும்போது என் கையில் என்ன இருக்கிறது என்பது என் பொறுப்பு.

ஐட்டம் ஆஃப்:

நான் உங்கள் பக்கம். தெளிவாகவே சொல்கிறேன், ஒருவர் உழைத்துக் கற்றதைக் கடைசி நிமிடத்தில் தட்டிப் பறிப்பது நல்ல விதி இல்லை.

நான் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை ஆட்டம் ஆடுபவன். அந்த வரிசையில் 2008இல் வந்த ப்ரால் ஆட்டத்தில், ஓட ஆரம்பிக்கும்போது கதாபாத்திரம் தானாகவே தடுக்கி விழும். எப்போது விழும் என்று யாருக்கும் தெரியாது. எதிராளி தவறு செய்து, நான் அதைக் கண்டு, சரியான நேரத்தில் பாய்ந்தால், பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன். அதனால் யாருக்கும் ஒரு மகிழ்ச்சியும் கிடையாது. 2014இல் வந்த அடுத்த பதிப்புகளில் அதை எடுத்தேவிட்டார்கள். அதே வரிசையில் 2001இல் வந்த மெலீயைப் போட்டியாக ஆடுபவர்கள், நடுவில் தானாக வந்து விழும் ஐட்டத்தை நிறுத்திவிட்டு, சில மேடைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அப்படியும் அதிர்ஷ்டம் முழுதாகப் போய்விடவில்லை. லூயீஜி என்ற கதாபாத்திரத்தின் பக்கவாட்டுப் பாய்ச்சல் எட்டில் ஒரு முறை தானாக வெடித்துச் சீறும். பீச் என்ற இன்னொரு கதாபாத்திரம் தரையிலிருந்து முள்ளங்கி பிடுங்கும்போது எப்போதாவது குண்டு வரும். ஆனால் அதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எல்லோரும் உட்காருகிறார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அறையில் முன்பு ஆறு பேர் கூடுவோம். ஐட்டத்தை நிறுத்தியது நான்தான். எனக்கு அந்த ஆட்டம்தான் பிடித்தது, இன்றும் அதுதான் பிடிக்கிறது. மூன்று மாதத்தில் இரண்டு பேர் மிஞ்சினோம். போனவர்கள் யாரும் சண்டை போட்டுப் போகவில்லை. ஒவ்வொருவராக வரவில்லை, அவ்வளவுதான். நீங்கள் விதியை மாற்றுவதற்கு முன் இது தெரிந்திருக்கட்டும்.

எப்போதும் மூன்றாவது:

அண்ணா, நான் உங்கள் தங்கை இடத்தில் இருப்பவள். எங்கள் வீட்டிலும் இரண்டு அண்ணன்கள்.

மினிகேம் என்றால் பெரும்பாலும் விரல் வேகம்தான். பட்டனை யார் வேகமாகத் தட்டுகிறார்கள், யார் சரியான கணத்தில் குதிக்கிறார்கள். சிறு வயதிலிருந்து கன்ட்ரோலர் பிடித்தவர்களுக்கு அது கூடவே வளர்ந்திருக்கும். எனக்கு என் முறை வந்தது ரொம்ப லேட்டாக. அதில் நான் தோற்பேன் என்று உட்காரும்போதே தெரியும். போர்டில்தான் எனக்கு ஒரு வாய்ப்பு. அதனால் நான் போர்டை உற்றுப் பார்ப்பேன். அண்ணன்கள் பார்க்காததை எல்லாம் பார்ப்பேன். நான் ஜெயித்த நாளில், "சும்மா லக்கு" என்று ஒரே வார்த்தையில் அதை முடித்துவிடுவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த மாதிரி. நீங்கள் சொன்ன அந்த வாக்கியத்தைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மன்னிப்புக் கேட்டது நல்ல விஷயம். ஆனால் அந்தப் பேப்பர் விதி அதே வாக்கியத்தைத்தான் மறுபடி சொல்கிறது.

அப்புறம், பெரிய கூட்டமாக ஓடும் ஃபால் கைஸ் ஆட்டத்தில் சீசா பலகைகள் வரும் கட்டம் தெரியுமா? கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பலகை சாயும், எல்லோரும் சறுக்கி விழுவார்கள். விழுந்தவர்கள் அதிர்ஷ்டம் இல்லை என்பார்கள். நான் பலகையின் நடுவில் நின்று, தாழ்ந்த பக்கத்துக்குப் போகாமல், எதிர்ப்பக்கம் எடை கொடுத்துக் காத்திருப்பேன். இது விரல் வேகம் இல்லை. பார்வை. இதற்கும் திறமை என்றுதான் பெயர்.

அல்டிமேட் சிக்கன் ஹார்ஸ் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, 2016இல் வந்தது, முடிந்தால் ஒரு வாரம் அதை ஆடிப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு பொருளைப் பாதையில் வைக்க வேண்டும். பலகையோ, முள்ளோ, அம்பு எய்யும் பெட்டியோ. பிறகு நாலு பேரும் அதே பாதையில் ஓட வேண்டும். எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டால் யாருக்கும் புள்ளி கிடையாது. அதனால் மற்றவர்கள் விழ வேண்டும், நாம் மட்டும் தாண்ட வேண்டும். குதிப்பதில் என் அண்ணன்களுக்கு நான் ஈடு இல்லை. ஆனால் பெரியண்ணன் எப்போதும் உச்சியிலிருந்துதான் இறங்குவார் என்று எனக்குத் தெரியும், அங்கே முள்ளை வைப்பேன். அங்கே பகடையே கிடையாது. பாதை தாறுமாறாக ஆவது பெரும்பாலும் எங்கள் நாலு பேர் கையால்தான். அந்த ஆட்டத்தில் ஒருவரும் லக்கு என்ற சொல்லை எடுத்ததில்லை.

நாலாவது கன்ட்ரோலர்:

எல்லாருக்கும் நன்றி. பதில்களைத் தங்கைக்குக் காட்டினேன். கடைசிப் பதிலை அவள் இரண்டு முறை படித்தாள்.

பகடைக் கணக்கு கேட்ட கேள்விக்குப் பதில்: நான் கவனித்ததே இல்லை. அவளிடமே கேட்டேன். அவள் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே துணைக் கதாபாத்திரங்களைச் சேர்த்துக்கொண்டாளாம். அவர்கள் ஒவ்வொரு முறையும் ஓரிரு கட்டம் கூட்டித் தருவார்கள், அவர்களுடைய பகடையையும் எடுத்து உருட்டலாம். இருபது சுற்றும் அப்படி நடந்திருக்கிறாள். நான் ஸ்டாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, முதல் போனஸ் அவள் சம்பாதித்தது. இரண்டாவது போனஸ் இன்னும் எனக்கு உறுத்துகிறது, அதை மறைக்கவில்லை.

விதியைப் பற்றி நாலு பேரும் பேசினோம். பேப்பர் விதியை விட்டுவிட்டேன். ஆட்டம் தொடங்கும் முன்பே இரண்டு போனஸ் எதற்கு என்று நாங்களே முடிவு செய்து எழுதி வைக்கிறோம். ஒன்றை போன வாரம் ஜெயித்தவர் சொல்வார், இன்னொன்றைக் கடைசியாக வந்தவர் சொல்வார். ஆட்டம் தரும் போனஸை எண்ணுவதில்லை, எங்களுடையதைத்தான் எண்ணுகிறோம். போன வாரம் கடைசி அத்தை மகன்தான். துரதிர்ஷ்டக் கட்டத்தை அவனே தேர்ந்தெடுத்தான், எனக்கு வாயடைத்துவிட்டது. ஆனால் இப்போது அது முதலிலேயே தெரிந்த விதி. வேண்டுமென்றே அந்தக் கட்டங்களை நோக்கிப் போனான், காயினை இழந்துகொண்டே. அதைத் தடுக்க முடியுமா என்று நான் யோசிக்க வேண்டியிருந்தது.

தங்கை இந்த முறை வாரியோவை எடுத்தாள். பதினான்காவது சுற்றில் ஸ்டார் அவளுக்கு ஆறு கட்டம் தள்ளி. எழுந்து போய்த் திரையில் விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினாள். கையில் 17 காயின். மூன்று போனாலும் பதினாலு, பரவாயில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாரியோ பகடையை உருட்டினாள். காயின் போனது. நகரவில்லை. நாங்கள் மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தோம். அடுத்த சுற்றிலும் ஸ்டார் அங்கேயேதான் இருந்தது, மறுபடியும் அதே பகடையை எடுத்தாள். மறுபடியும் காயின் போனது.

அந்த ஆட்டத்தில் அவள் மூன்றாவது. எதிரில் உட்கார்ந்திருந்த நான் இரண்டாவது. நண்பன் ஜெயித்தான், ஒரே ஒரு ஸ்டார் வித்தியாசத்தில். மணி பதினொன்றரை ஆகியிருந்தது, இன்னொரு பத்து சுற்று போடலாம் என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

இந்த வாரம் அல்டிமேட் சிக்கன் ஹார்ஸ் இறக்கி வைத்திருக்கிறோம். எப்போதும் மூன்றாவது, ஒரே ஒரு சந்தேகம்: முதல் முறை ஆடுபவர்களுக்கு எந்த மேடையில் ஆரம்பித்தால் நல்லது?